அம்சவல்லி ஒட்டடை கேட்டுப் போன கதை

தலகாணியை இந்தப் பக்கம் இழுத்துக்கோ. கையைப் போர்வைக்குள்ள விடு. கதை சொல்றப்போ "ம்" கொட்டணும், ஞாபகம் இருக்கில்ல? நீ "ம்" கொட்டலேன்னா கதை நடுரோட்டுல நின்னுடும். அப்புறம் அத்தை பொறுப்பில்ல.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கொடிக்கம்பி இருந்துச்சாம்.

"ராஜா இல்லியா அத்தை?"

ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல. கொல்லையில துணி காயப்போடுவோமே, அந்தக் கொடிக்கம்பிதான். ஒரு முனை கிணத்தடித் தூண்ல, இன்னொரு முனை கறிவேப்பிலை மரத்துல. கம்பிக்குச் சொந்தக்காரி பேரு அம்சவல்லி. அவளைப் பத்திச் சொன்னா நீ வாயைப் பொளப்பே. அப்பேர்ப்பட்ட சுத்தக்காரி! காலையில பெருக்குவா, மத்தியானம் பெருக்குவா, பெருக்கின வெளக்குமாத்தையும் கழுவிக் காயவைப்பா. அவ வீட்டுக்குள்ள ஈ வரணும்னாக்கூட கால் கழுவிட்டுத்தான் வரணும்னு தெருவே சொல்லிச் சிரிக்கும்.

"ஈ எப்படிக் கால் கழுவும்?"

அதான் வர்றதே இல்லை. நீ "ம்" கொட்டு.

"ம்."

அவளுக்கு எதுவுமே ஆகாது, அதுலயும் ஒட்டடை ஆகவே ஆகாது. சுவர் மூலையில சிலந்தி வலை தூசி படிஞ்சு தொங்குமே, அதான். ஒரே ஒரு இழை தொங்கினாப் போதும், "அடக் கொடுமையே!"ன்னு நெஞ்சைப் பிடிச்சுக்குவா. ஒட்டடைக்கம்பைத் தூக்கிட்டு ஓடுவா. அடுத்த வீட்டுல தெய்வானைன்னு ஒருத்தி தனியா இருந்தா. அவ வீட்டுல பாத்தா மூலைக்கு மூலை ஒட்டடை. அம்சவல்லி அந்த வீட்டுப் படி ஏறினதே கிடையாது. "அவ வீட்டுல தண்ணி குடிச்சா தொண்டையில நூலாம்படை மாட்டிக்கும்"னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சா. வாய் அந்த மாதிரி. அது தெய்வானை காதுலயும் விழுந்துச்சு.

அப்போ ஒரு நாள், விர்ர்ர்ருன்னு ஒரு தேன்சிட்டு வந்துச்சு. உன் கட்டைவிரல் இருக்கு பாரு, அவ்வளவுதான் மொத்தக் குருவியே. மஞ்ச வயிறு, வளைஞ்ச மூக்கு. மூக்குல என்ன வச்சிருந்துச்சு தெரியுமா?

"பூவா?"

ஒட்டடை! தெய்வானை வீட்டு ஜன்னல்ல இருந்து ஒரு இழை உருவிட்டு வந்து, அம்சவல்லியோட கொடிக்கம்பியில சுத்து சுத்துன்னு சுத்துது. தேன்சிட்டு அப்படித்தான் கூடு கட்டும். ஒட்டடைதான் அதுக்குக் கயிறு, ஒட்டடைதான் பசை. அம்சவல்லி பாத்தா. பாத்ததும் அவளுக்கு மூச்சே நின்னு போச்சு. "என் வீட்டுலயா! என் கொடியிலயா!" கம்பால ஒரே சுழட்டு. போச்சு. அப்புறம் மறுநாள் காலையில பாத்தா திரும்பவும் தொங்குது. இப்போ அதுல வேப்பம்பட்டை, காகிதத்துண்டு, யாரோ வெட்டிப்போட்ட முடி, கம்பளிப்புழு எச்சம். கண்றாவி! திரும்பவும் ஒரு சுழட்டு.

மூணாவது தடவை சுழட்ட அவ ஊர்ல இல்லை. மகளுக்குப் பிரசவம் பாக்கக் கோயம்புத்தூர் போயிட்டா. அவ வீட்டுக்காரருக்கு ஒட்டடையும் ஒண்ணுதான், ஓவியமும் ஒண்ணுதான். அவரு பேப்பரை விட்டுத் தலையே தூக்கலை. குருவி நிம்மதியாக் கட்டுச்சு. ஆம்பளைக் குருவி ஒண்ணு இருந்துச்சு, ஊதாவும் பச்சையுமா பளபளன்னு. அது என்ன பண்ணுச்சுங்கறே?

"அதுவும் கட்டுச்சா?"

கட்டும்! பக்கத்துக் கிளையில உக்காந்து "சிக் சிக் சிக்"னு பாட்டுப் பாடுச்சு. எல்லா வேலையும் பொம்பளைதான். சரி விடு, அந்தக் கதையைப் பேச ஆரம்பிச்சா விடிஞ்சிடும்.

அப்புறம் பேரப்பிள்ளையைப் பாத்துட்டு, பொங்கலுக்கு முன்னாடி அம்சவல்லி ஊருக்கு வந்தா. வந்ததும் நேராக் கொல்லைக்குப் போனா. கம்பியில ஒரு குப்பை மூட்டை தொங்குது! கிழிஞ்ச பர்ஸ் மாதிரி நீளமா, மேல ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேல ஒரு சின்னத் தாழ்வாரம். "அடப் பாவிகளா!"ன்னு கம்பை ஓங்கினா. ஓங்கின கை அப்படியே நின்னுச்சு. ஓட்டைக்குள்ள இருந்து ரெண்டு வாய் "ஆ"ன்னு திறக்குது. முடி இல்லை, இறக்கை இல்லை, கண்ணு கூடத் திறக்கலை. வாய் மட்டும்தான். மாம்பழ நிறத்துல ரெண்டு வாய்.

அம்சவல்லி திக்குன்னு பின்னாடி நகந்தா. அந்த நேரம் பாத்து அம்மாக்குருவி ஒரு சிலந்தியைக் கவ்விட்டு வந்துச்சு. ஒரு வாயில வச்சு அமுக்குச்சு. "ஐயையோ! வீட்டையும் பிடுங்கிட்டு, வீட்டுக்காரனையும் தின்னுதே!"ன்னு அம்சவல்லி வாயில கையை வச்சுக்கிட்டா. அப்புறம் நடந்ததுதான் இன்னும் அதிர்ச்சி. சாப்பிட்ட குஞ்சு திரும்பி உக்காந்து, புட்டத்தைத் தூக்கி, வெள்ளையா ஒரு பொட்டலம் போட்டுச்சு. ஆமா, கக்காதான்! சிரிக்காதே. கீழ விழறதுக்குள்ள அம்மாக்காரி அதை லபக்குன்னு மூக்கால கவ்விட்டு, தூரமாக் கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுட்டு வந்துச்சு. வந்து மூக்கைக் கிளையில இப்படியும் அப்படியுமாத் துடைச்சுது.

அம்சவல்லி கம்பைக் கீழ போட்டா. "அடியாத்தி! இவ என்னைவிடச் சுத்தக்காரியா இருக்காளே!"

அப்புறம் என்ன! தலைகீழா மாறிட்டா. அந்தக் கம்பியில துணி போடக்கூடாதுன்னுட்டா. வீட்டுக்காரர் வேட்டி ஜன்னல்ல காஞ்சுது. காக்கா வந்தா ஓடுவா, பூனை வந்தா ஓடுவா, அடுப்புல சாம்பார் கொதிச்சா மட்டும் ஓட மாட்டா. தினமும் கிணத்தடியில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. குஞ்சுக்குக் கண்ணு திறந்துச்சு. முள்ளு முள்ளா முடி முளைச்சுது. ரெண்டும் பறந்து போறதைக் கண்ணால பாத்துடணும், அதுக்கு முன்னாடி ஒண்ணும் ஆயிடக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அப்போ பொங்கல் வந்துடுச்சு. அம்சவல்லியோட நாத்தனார் வனஜா வந்திறங்கினா. நல்லவதான், ஆனா உதவி பண்றேன்னு ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. மறுநாள் போகி. அன்னிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணி, பழசையெல்லாம் வாசல்ல குவிச்சுக் கொளுத்துவோம் இல்ல? வனஜா இருட்டோட எழுந்தா. எழுந்து யோசிச்சா. "அண்ணிக்கு ஒட்டடைன்னா உயிர் போயிடும். அவங்க எழுந்திருக்கறதுக்குள்ள நானே முடிச்சு வச்சா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க!"

"ஐயோ!"

ஐயோதான். கம்பை எடுத்தா. கூடம் முடிச்சா, அடுக்களை முடிச்சா, கொல்லைக்கு வந்தா. அரை இருட்டு. கம்பியில என்னவோ குப்பை தொங்குது. ஒரு சுழட்டு! சொத்துன்னு முறத்துல விழுந்துச்சு. அப்படியே வாரிட்டுப் போய் வாசல் குவியல்ல கொட்டிட்டா.

அம்சவல்லி எழுந்து பல்லைத் தேச்சுக்கிட்டே கொல்லைக்கு வந்தா. கம்பி மொட்டையா இருந்துச்சு. அம்மாக்குருவி அந்த இடத்துல பறந்து பறந்து வந்து பாக்குது. "சீக்! சீக்!" இங்கதானே இருந்துச்சு, இங்கதானே இருந்துச்சுன்னு பாக்குது. மூக்குல புழு அப்படியே இருக்கு.

"வனஜா! கம்பியில ஒரு கூடு இருந்துச்சே!"

"கூடா? ஒட்டடை இல்ல இருந்துச்சு. எடுத்துட்டேன் அண்ணி. வாசல்ல போட்டாச்சு." சொல்லும்போது அவ முகத்துல அவ்வளவு பெருமை.

வாசல்ல டம் டம், டம் டம்னு பிள்ளைங்க போகி மேளம் அடிக்குது. ஒரு பக்கம் பழைய பாய் பத்திக்கிச்சு. அம்சவல்லி ஓடினா பாரு! தலைமுடி அவிழ்ந்து, வாயில பற்பொடியோட. நெருப்புன்னும் பாக்கலை, புகைன்னும் பாக்கலை, ரெண்டு கையையும் குவியலுக்குள்ள விட்டா. கிழிஞ்ச முறம், தேஞ்ச வெளக்குமாறு, பழந்துணி எல்லாத்தையும் தூக்கித் தூக்கி எறிஞ்சா. மேளம் நின்னு போச்சு. தெருவே எட்டிப் பாக்குது. இந்த அம்சவல்லியா குப்பையைக் கிளர்றா!

கடைசியில கையில மெத்துன்னு என்னவோ பட்டுச்சு. எடுத்தா. கூடு நசுங்கியிருந்துச்சு. காதுகிட்ட வச்சா.

"உயிர் இருந்துச்சா?"

"கீ"ன்னு ஒண்ணு. கொஞ்சம் பொறுத்து, "கீ"ன்னு இன்னொண்ணு. அம்சவல்லி அப்பவே தெருவுல உக்காந்து ஓன்னு அழுதுட்டா. விஷயம் புரிஞ்சதும் வனஜா தலைதலையா அடிச்சுக்கிட்டா. "பாவி நான், குருவிக் குடும்பத்தையே கொளுத்தப் பாத்தேனே!"

அழுதா ஆச்சா? குஞ்சுக்குப் பசிக்கும்ல. மொதல்ல, நூலால கூட்டைக் கம்பியில கட்டினா. நூல் மெல்லிசு, கூடோ பஞ்சு. சர்ருன்னு அறுத்துக்கிட்டு இறங்குச்சு. நல்லவேளை, வனஜா கையேந்திப் பிடிச்சா. ரெண்டாவது, ஒரு கொட்டாங்குச்சியில கூட்டை வச்சுத் தொங்கவிட்டா. அம்மாக்குருவி வந்துச்சு, கொட்டாங்குச்சி ஆடறதைப் பாத்துச்சு, பயந்து போய் விர்ர்ருன்னு ஓடியே போச்சு. வெயில் ஏறுது. குஞ்சுங்க சத்தம் குறையுது. முன்னாடி "கீ கீ"ன்னு கத்தினது இப்போ "கி…"ங்குது.

அப்போதான் அம்சவல்லிக்குக் குருவி கட்டினது கண்ணு முன்னாடி வந்துச்சு. சுத்து சுத்துன்னு சுத்துச்சே, அது! "வனஜா, ஒட்டடை கொண்டா!"

வனஜா முழிச்சா. "ஒட்டடைக்கு எங்க போவேன் அண்ணி? நம்ம வீட்டுல ஏது?"

அம்சவல்லி தெருவுல இறங்கினா. டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினா. "டீச்சர், கொஞ்சம் ஒட்டடை இருக்குமா?" டீச்சர் முகம் சிவந்து போச்சு. "போகி அன்னிக்கு என் வீட்டு வாசல்ல நின்னு ஒட்டடை இருக்கான்னா கேக்கறீங்க? நேத்தே வெள்ளையடிச்சாச்சு!" டப்புனு கதவைச் சாத்தினாங்க. அப்புறம் மளிகைக்கடைக்காரர் வீடு. "மாமி, நூலாம்படை…" "என்னது! குத்திக்காட்ட உனக்கு வேற நாள் கிடைக்கலியா?" அங்கயும் கதவு. வேற நாளா இருந்தா எங்கயாவது ஒரு மூலையில கிடைச்சிருக்கும். போகி அன்னிக்கு ஊர்ல ஒரு வீட்டுல ஒட்டடை இருக்குமா, சொல்லு?

"தெய்வானை வீட்டுல!"

சமத்து. அம்சவல்லிக்கும் அது தெரியும். தெரிஞ்சுதான் மத்த வீட்டுக்கெல்லாம் போனா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க போறது? படிகிட்ட போய் நின்னா. திரும்பினா. கொல்லைப் பக்கம் இருந்து அம்மாக்குருவி "சீக்! சீக்!"னு கத்தறது கேட்டுச்சு. கதவைத் தட்டிட்டா.

தெய்வானை திறந்தா. இவளைப் பாத்ததும் அவளுக்கும் அதிர்ச்சிதான். "என்ன அம்சம்? வழி தவறிட்டியா?"

"தெய்வானக்கா… ஒட்டடை வேணும்."

"என்னடி கேட்டே?"

"குருவிக் கூட்டை அறுத்துட்டோம்க்கா. ரெண்டு குஞ்சு இருக்கு. தொங்கவிட ஒட்டடைதான் வேணும். உங்ககிட்டதான் இருக்கு." சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

தெய்வானை உள்ள போனா. ஒரு டம்ளர் தண்ணியோட வந்தா. "மொதல்ல இதைக் குடி."

அம்சவல்லி டம்ளரைப் பாத்தா, தெய்வானையைப் பாத்தா. வாங்கி மடக் மடக்குனு முழுசும் குடிச்சா. நல்ல தண்ணி. பானைத் தண்ணி, ஜில்லுன்னு இருந்துச்சு. "நான் பேசினதெல்லாம் தப்புக்கா"ன்னா.

"பேசினே, தெரியும். உள்ள வா. மேல நிறைய இருக்கு. நீயே எடுத்துக்கோ, எனக்குக் கை எட்டாது."

"ஏன்க்கா? கம்பு இல்லியா?"

தெய்வானை வலது கையைத் தூக்கிக் காட்டினா. தோள் வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல போகலை. கிணத்தடியில வழுக்கி விழுந்தப்போ உடைஞ்சுதாம், சரியாக் கூடலையாம். தலை வாரறதுகூட இடது கையாலதானாம். அம்சவல்லிக்குப் போகி நெருப்புல கையை விட்டப்போகூட அப்படிச் சுடலை. சுவருக்குச் சுவர் ஒட்டின வீடு. இத்தனை வருஷத்துல "ஏன்க்கா உங்க வீட்டுல ஒட்டடை?"ன்னு ஒருதரம் கேட்டிருப்பாளா? தெருவெல்லாம் போய்ச் சிரிக்கத் தெரிஞ்சுது, அடுத்த வீட்டுல கேக்கத் தெரியலை.

"அப்புறம்?"

அப்புறம் கம்பு சுழண்டுச்சு பாரு! கூடம், அடுக்களை, உத்தரம், ஜன்னல், ஒரு மூலை விடலை. கம்பு நுனியில பஞ்சுமிட்டாய் கணக்கா ஒட்டடை திரண்டுச்சு. அதை மார்போட அணைச்சுக்கிட்டு ஓடி வந்தா. தெய்வானையும் பின்னாடியே வந்தா. வனஜா கூட்டை ஏந்திப் பிடிக்க, அம்சவல்லி ஒட்டடையை முறுக்கி, குருவி சுத்தின மாதிரியே கம்பியில சுத்து சுத்துன்னு சுத்தினா. முகமெல்லாம் ஒட்டடை, புருவத்துல ஒட்டடை. மெதுவாக் கையை எடுத்தாங்க. ஆடுச்சு. நின்னுச்சு!

மூணு பேரும் கிணத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாங்க. அம்மாக்குருவி வந்துச்சு. சுத்திப் பாத்துச்சு. போயிடுச்சு. திரும்ப வந்துச்சு. கம்பியில உக்காந்துச்சு. போயிடுச்சு. வனஜா முந்தானையைக் கடிச்சுக்கிட்டு விசும்பறா. மூணாவது தடவை மூக்குல ஒரு சிலந்தியோட வந்துச்சு. ஓட்டைகிட்ட தொங்குச்சு. உள்ள இருந்து ஒரு வாய் "ஆ"ன்னுச்சு. இன்னொரு வாயைக் காணோம்.

"ஐயோ, இன்னொண்ணு?"

இரு. சிலந்தியை ஊட்டிட்டுப் போச்சு. திரும்ப வந்துச்சு. அப்போ, முதல் வாயை இடிச்சுத் தள்ளிக்கிட்டு ரெண்டாவது வாய் வந்துச்சு பாரு, "ஆஆ"ன்னு! மூணு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டாங்க.

"அப்போ பறந்துடுச்சா?"

அங்கதான் பெரிய அதிர்ச்சி. பொங்கல் முடிஞ்சு ஒரு நாள் காலையில, அம்மாக்குருவி சாப்பாட்டை மூக்குல வச்சுக்கிட்டுக் கறிவேப்பிலை மரத்துல உக்காந்துக்கிச்சு. கூட்டுக்கு வரலை! குஞ்சுங்க கத்துது, கத்துது. அது அங்கயே உக்காந்து "வா, வா"ன்னு கூப்பிடுது. அம்சவல்லிக்கு வந்துச்சே கோபம். "பெத்தவளா நீ? நெருப்புல இருந்து எடுத்துக் குடுத்தேன், பட்டினி போடறியே!"

"பறக்கச் சொல்லுது அம்சம்"னா தெய்வானை.

"பறக்கவா? இந்த இத்துனூண்டா? கீழ பூனை நிக்குதே!"

பூனை நிஜமாவே நிக்குது, நாக்கைச் சப்புக் கொட்டிக்கிட்டு. அம்சவல்லி உள்ள ஓடினா. கையில கிடைச்சது பொங்கலுக்கு எடுத்த புதுப்புடவை. ஒருதரம்தான் கட்டியிருந்தா. அதை உதறி விரிச்சா. ஒரு பக்கம் அம்சவல்லி, ஒரு பக்கம் வனஜா, இன்னொரு பக்கம் தெய்வானை, தோள் வரைக்கும் தூக்க முடிஞ்ச கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. கூட்டுக்குக் கீழ புடவை தொட்டில் மாதிரி விரிஞ்சிருக்கு. பூனையை வீட்டுக்காரர் பேப்பரால விரட்டினாரு. ஆமா, அன்னிக்குத்தான் அந்த மனுஷன் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கினாரு!

முதல் குஞ்சு வெளிய வந்துச்சு. எட்டிப் பாத்துச்சு. தவறி விழுந்துச்சு!

"ஆ!"

புடவைக்கு ஒரு சாண் மேல, படபடபடன்னு இறக்கை அடிச்சுது. மேல போச்சு. கோணல் மாணலாப் போய்க் கறிவேப்பிலைக் கிளையைப் பிடிச்சுக்கிச்சு. அம்மாக்காரி வாயில ஊட்டினா. அப்போ ரெண்டாவது, அண்ணனுக்குக் கிடைச்சுதே எனக்கில்லையான்னு, விழவே இல்லை. விர்ர்ர்! நேரா அம்மாகிட்ட. அப்புறம் மூணு குருவியும் சேந்து வேலியைத் தாண்டிப் போயிடுச்சு. கொல்லை சத்தமில்லாம ஆயிடுச்சு.

புடவையில ஒண்ணுமே விழலை. வெறும் புடவை. ஆனா மூணு பேருக்கும் அதை விட மனசு வரலை. மேல பாத்துக்கிட்டு, முனையைப் பிடிச்சுக்கிட்டு, வெயில் ஏறுற வரைக்கும் அப்படியே நின்னாங்க.

"திரும்பி வருமா அத்தை?"

அதுங்களுக்கு அதுங்க வேலை இருக்கும் கண்ணு. சரி, குஞ்சு பறந்தாச்சு, புடவையை மடிச்சாச்சு, கதையையும் மடிச்சு வச்சாச்சு. கண்ணை மூடு. எங்க, ஒரு "ம்" சொல்லு.

சொல்லலை. தூங்கிட்டா.